கலியாண வீடியோவின் கடைசியில் ஒரு கை

எசன், மேற்கு ஜேர்மனி
12.02.1989

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் இவரும் சுகம். உங்கள் பிரஷரும் அப்பாவின் முழங்காலும் எப்படி என்று எழுதுங்கள். இங்கே குழாய்த் தண்ணீரும் உறைகிற குளிர்.

ஊருக்கு வரும் ஒருவரிடம் எங்கள் கலியாண வீடியோக் கசெற்றைக் கொடுத்து விடுகிறேன். பள்ளிக்கூட விளையாட்டு மண்டபம் ஒன்றில்தான் செய்தோம். ஐயரைப் பாரிசிலிருந்து கூப்பிட்டோம். இவரோடு சமையலறையில் வேலை செய்யும் இத்தாலிக்காரர் கமராவால் எடுத்துத் தந்தார். இராசநாயகம் அண்ணையிடம் ரீவியும் டெக்கும் எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

அப்பாவை வற்புறுத்த வேண்டாம். கடற்கரை ஊரில் பிறந்ததைத் தவிர இவரில் ஒரு பிழையும் இல்லை. "மருமகன்" என்று அப்பா ஒரு வரி எழுதினால் எனக்கு அது போதும். அது வரும்வரை எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு நான் உள்ளே வரமாட்டேன். கோபத்தில் எழுதவில்லை, யோசித்துத்தான் எழுதுகிறேன்.

வேளைக்கு மருந்து குடியுங்கள்.

உங்கள் மகள்
அருந்ததி


கோப்பாய்
20.04.1989

திரு. சி. பரமலிங்கம் அவர்கள் அறிவது,

இங்கு யாவரும் சுகம். தாங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று மரியாதைக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. என் மகளைத் தாங்கள் எழுதிக் கேட்கவில்லை. முடித்துவிட்டு எழுதி அறிவித்தீர்கள். அதில் என் நிலை மாறவில்லை. இந்தக் கடிதம் வேறு விஷயம் பற்றியது.

தாங்கள் அனுப்பிய கசெற்றை எங்கள் விறாந்தையில் மத்தியானம் போட்டார்கள். பொழுதுபட்டால் ஊரடங்கு என்பதால் இப்போது எல்லாம் பகலில்தான். யன்னல்களுக்குச் சாக்குக் கட்டி, அயல் முழுவதும் வந்து இருந்தது. தாலி கட்டும் இடம் வந்ததும் என் மனைவி பூரணம் எழுந்து, வாழ்த்தி, ரீவிக்கு அறுகரிசி இட்டாள். நான் பார்க்கவில்லை. முற்றத்தில் இருந்து வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தேன். மணவறைக்கு நேர் மேலே பந்து போடும் வளையம் தொங்குவதையாவது கழற்றியிருக்கலாம்.

கடைசியில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் தங்கள் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். அந்த இடத்தில் படம் ஒருமுறை நடுங்கிற்று. அடுத்ததாக, மணிக்கட்டோடு அறுந்த கை ஒன்று தனியாக நிலத்தில் ஊர்ந்து வந்தது.

பக்கத்து வீட்டுப் பராசக்தி கத்தினாள். "ஐயோ, மாப்பிள்ளையின்ரை கை! உவன் வெள்ளைக்காரன் குலுக்கிக் கழட்டிப்போட்டான்!"

சனம் சிரித்த சிரிப்பில் நான் வெங்காயத்தை வைத்துவிட்டு உள்ளே போனேன்.

பழைய கசெற்றின் மேல் கலியாணத்தைப் பதிந்திருக்கிறீர்கள் என்பது எனக்கு விளங்கிவிட்டது. மிஞ்சியிருந்தது ஏதோ ஒரு படத்தின் பிற்பாதி. உருளைக்கிழங்குத் தோட்டம் ஒன்றில் செத்தவர்கள் எழும்பி நடக்கிறார்கள். தொப்பிக்காரன் ஒருவன் அவர்களை வெட்டுகிறான். வெட்டுப்பட்டவர்கள் அவனை ஏசுகிறார்கள். தலை போனவன் தலையைத் தடவி எடுத்து, பின்பக்கம் முன்னாலே இருக்கும்படி வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறான். இரத்தம் நாங்கள் தோட்டத்துக்கு இறைக்கிற மெசினில் இருந்து வருவதுபோலப் பாய்கிறது. செத்தவன் போட்டிருக்கிற சேட்டுக்குள்ளே குழாய் தெரிகிறது. அந்தக் கை மட்டும் தன் பாட்டில் ஊர்ந்து போய், ஒரு கிழவியின் வீட்டுக் கதவைத் தட்டுகிறது. தட்டிக்கொண்டிருக்கும்போதே கசெற் முடிந்துவிட்டது.

இதுவரை பல தடவை போட்டாயிற்று. நாய் ஒன்று காலைக் கவ்விக்கொண்டு ஓடும் இடத்தை மட்டும் வேகமாக ஓட விடும்படி இராசநாயகத்திடம் சொல்லியிருக்கிறேன். அது நன்றாக எடுக்கப்படவில்லை.

இப்போது பிரச்சினை என்னவென்றால், அது தங்கள் கைதான் என்று பராசக்தி ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறாள். "மாப்பிள்ளையின்ரை கை ஊருக்கு வந்து தட்டுது. தம்பிஐயா அண்ணைதான் கதவு திறக்கிறார் இல்லை" என்று கிணற்றடியில் நின்று எனக்குக் கேட்கவே சொல்கிறாள். அவளுக்கு ஆதாரத்தோடு பதில் சொல்ல வேண்டும். ஆகவே அந்தக் கை யாருடையது, கிழவி கதவைத் திறந்தாளா என்ற இரண்டையும் எழுதி அனுப்பவும்.

இங்ஙனம்
வே. தம்பிஐயா


எசன்
28.05.1989

அன்பும் மதிப்பும் உள்ள மாமாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். மாமியும் நீங்களும் நலமாக இருக்க முருகனை வேண்டுகிறேன்.

நடந்த பிழைக்கு மன்னிக்கவும். கசெற் இத்தாலிக்கார நண்பருடையது. வெறும் கசெற் என்று நினைத்து அவர் கமராவிலிருந்து அதில் பதிந்திருக்கிறார். நாங்களும் தாலி கட்டும் இடம் வரை பார்த்துவிட்டு அனுப்பிவிட்டோம். மாமி பயந்திருப்பாவோ என்று அருந்ததி அழுகிறா.

அந்தப் படம் இங்கே மலிவாக எடுக்கிற பேய்ப் படம். கை அந்தத் தொப்பிக்காரனுடையது. முதற்பாதியில் கிழங்கு கிண்டுகிற மெசினில் அவனுடைய கை அகப்பட்டு விடுகிறது. கடைசியில் கிழவி கதவைத் திறக்கிறாள்.

உங்கள் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன்.

அன்புடன்
பரமலிங்கம்


கோப்பாய்
09.07.1989

திரு. சி. பரமலிங்கம் அவர்கள் அறிவது,

கடிதமும் தைலமும் கிடைத்தன. தைலத்தைப் பூரணம் பாவிக்கிறாள்.

என்னை மாமா என்று விளித்திருக்கிறீர்கள். அது தேவையில்லை.

தொப்பிக்காரனுக்கு இரண்டு கையும் இருக்கிறது. கடைசிச் சண்டையில் மண்வெட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஓங்குகிறான். சுட்டு விரலில் மோதிரமும் இருக்கிறது. ஊர்ந்து வருகிற கையில் மோதிரம் இல்லை. அது வலது கை. நகங்கள் கட்டையாக வெட்டப்பட்டிருக்கின்றன. வேலை செய்கிறவனின் கை.

தாங்கள் முதற்பாதியைப் பார்க்கவில்லை. பார்க்காததைப் பார்த்ததாக எழுதினால் கிழவன் நம்புவான் என்று நினைத்திருக்கிறீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மிச்சம் எல்லாம் நானாகப் பார்த்துப் படித்தது. ஆகவே பார்ப்பதில் என்னை ஏமாற்றுவது கஷ்டம்.

தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதலாம்.

இங்ஙனம்
வே. தம்பிஐயா


எசன்
15.08.1989

அப்பாவுக்கு,

நீங்கள் எனக்கு எழுதுவதில்லை. இருந்தும் நான் எழுதுகிறேன். உடம்பைக் கவனியுங்கள்.

இவருக்கு நீங்கள் எழுதிய இரண்டு கடிதத்திலும் கலியாணத்தைப் பற்றி இருப்பது பந்து வளையம் மட்டும்தான். மற்றது எல்லாம் வெட்டும் குத்தும். இவர் வேலை முடிந்து வந்து உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு மண்டையைப் பிய்க்கிறார்.

நான் கேட்கிறேன் அப்பா. ஊரில் எத்தனை செத்த வீடு. எங்கள் வீட்டிலேயே அண்ணையைக் கொடுத்தோம். அதே விறாந்தையில் இருந்துகொண்டு கை கால் பறக்கிறதைப் பார்த்து எல்லோரும் எப்படிச் சிரிக்கிறீர்கள்? இங்கே பெடியள் பியர் குடித்துவிட்டுப் பார்க்கிற படம் அது. அந்தக் கசெற்றை எரித்துவிடச் சொல்லி அம்மாவுக்கும் எழுதியிருக்கிறேன். எங்கள் கலியாணம் அதில் போனாலும் பரவாயில்லை.

அருந்ததி


கோப்பாய்
02.10.1989

திரு. சி. பரமலிங்கம் அவர்கள் அறிவது,

சுகம். அவ்விடமும் அப்படியே என்று நம்புகிறேன். தங்கள் வீட்டிலிருந்து ஒருவர் எனக்கு எழுதியிருந்தா. பதிலை அவவுக்கு வாசித்துக் காட்டவும்.

தமிழ்ப் படத்தில் ஒருவனைச் சுட்டால் கடைவாயில் ஒரு துளி இரத்தம் வரும். அவன் தாய்க்கும் தங்கைக்கும் ஆறுதல் சொல்லி, பாட்டும் பாடி முடித்துவிட்டுத்தான் சாவான். சனம் அழும். நானும் முந்தி அழுதிருக்கிறேன். செல் குண்டு விழுந்த இடத்தை ஒரு தரம் பார்த்தபின் அதைப் பார்க்க முடியவில்லை. ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லிவிட்டுப் போகவில்லை. அந்தப் படம் எடுத்தவன் எங்களை ஏமாற்றினான் என்று எனக்குக் கோபம்.

இந்தப் படமும் பொய். ஆனால் தான் பொய் என்று சொல்லிக்கொண்டே செய்கிற பொய். குழாயை மறைக்கவில்லை. குடல் என்று இழுப்பது கோழிக்கடைச் சாமான். ஒருவருக்கும் நோகவில்லை. வெட்டுப்பட்டவன் எழும்பி, "ஏன்டா வெட்டினாய்?" என்று கேட்கிறான். பாஷை விளங்காவிட்டாலும் அதைத்தான் கேட்கிறான் என்பது குழந்தைக்கும் தெரியும். எங்கள் ஆட்களில் ஒருவராவது எழும்பி அப்படிக் கேட்டது உண்டா?

முதல் தரம் போட்டபோது நாங்கள் எதற்குச் சிரித்தோம் என்று பராசக்தியைக் கேட்டேன். அவளுடைய புருஷனும் 1987 ஐப்பசிச் செல்லடியில்தான் போனவர். "அண்ணை, உதிலை போன சாமான் எல்லாம் திரும்பி வருது" என்றாள். அவளோடு எனக்கு ஆயிரம் வழக்கு இருக்கிறது. இதில் இல்லை.

கசெற் எரிக்கப்படமாட்டாது. என் கேள்விகள் இரண்டும் அப்படியே இருக்கின்றன.

இங்ஙனம்
வே. தம்பிஐயா


கோப்பாய்
11.11.1989

என் அன்பு மகள் அருந்ததிக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம் பிள்ளை. கண்தான் கொஞ்சம் மங்கல். எழுத்துக் கோணினால் குறை நினையாதே.

அப்பாவோடு சண்டை போடாதே. ஒன்றை உனக்கு அப்போது எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அண்ணை கனகலிங்கம் சாவகச்சேரிச் சந்தைக்கு வெங்காயம் கொண்டு போனவன். செல் விழுந்த உடனேயே சீவன் போய்விட்டது, நோகாமல் போனான் என்று உனக்கு எழுதினேன். அது உண்மை. ஆனால் முழுதாக வரவில்லை. வலது கை இல்லை. கை இல்லாமல்தான் எரித்தோம்.

எட்டுச் செலவுச் சடங்கு முடிந்தபிறகும் அப்பா தினமும் சைக்கிளில் போய் அந்த இடத்தில் வேலி வேலியாகத் தேடினார். மூலை வீட்டு அருளம்பலம் அண்ணை, "விடு தம்பிஐயா, நாய் கொண்டு போயிருக்கும்" என்று சொல்லிப்போட்டார். அவரோடு இன்றைக்கும் கதை பேச்சு இல்லை. செத்த வீட்டில் அழாத மனிசன். வீட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் சிரிக்கவும் இல்லை. உன்ரை கசெற் வந்த அன்றைக்குத்தான் பல்லைக் கண்டேன்.

இது உனக்கும் மருமகனுக்கும் மட்டும். அப்பாவுக்குத் தெரிந்ததாகக் காட்ட வேண்டாம்.

அம்மா
பூரணம்


எசன்
04.03.1990

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

உங்கள் இருவரின் சுகத்தையும் அறிய விரும்புகிறோம். பதில் சுணங்கியதற்கு மன்னிக்கவும்.

நீங்கள் சொன்னது சரி. முதற்பாதியை நான் பார்த்ததில்லை. வேலை இடைவேளையில் நடுவிலே கொஞ்சம் பார்த்ததுதான். தொப்பிக்காரன் என்றதும் கிழவி திறந்தாள் என்றதும் ஊகம். உங்களிடமிருந்து வந்த முதல் கடிதத்துக்கு ஏதாவது பதில் எழுத வேண்டும் என்ற அவசரத்தில் அப்படி எழுதிவிட்டேன்.

இந்தப் படத்தை இப்போது கடைகளில் வாடகைக்குக் கொடுக்க விடுவதில்லை. இத்தாலிக்காரர் வேறு நகரத்துக்குப் போய்விட்டார். லீவு நாட்களில் தேடிக்கொண்டிருக்கிறேன். கண்டுபிடித்து முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கடிதம் எழுதுவேன்.

பணிவுடன்
பரமலிங்கம்


கோப்பாய்
17.03.1991

திரு. சி. பரமலிங்கம் அவர்கள் அறிவது,

போன பங்குனியில் எழுதிய கடிதம் இந்தப் பங்குனியில் வந்து சேர்ந்தது. நடுவில் இங்கே சண்டை தொடங்கிவிட்டது. இருக்கிறோம்.

கரண்ட் இல்லை. இராசநாயகத்தின் ரீவியும் டெக்கும் சாக்கில் சுற்றி எங்கள் பங்கருக்குள் இருக்கின்றன. செல்லடி நேரத்தில் அவற்றோடு நெருங்கித்தான் இருக்கிறோம். பூரணத்துக்குக் கண் நன்றாகக் குறைந்துவிட்டது. ஆளின் குரலை வைத்துத்தான் மட்டுக்கட்டுகிறாள். வைத்தியம் கொழும்பில்தான். அது இப்போது நடக்கிற காரியம் இல்லை.

தெரியாது என்று எழுதியது நல்லது.

படம் கிடைத்ததா?

வே. தம்பிஐயா


எசன்
22.09.1991

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

மாமியின் கண்ணைப் பற்றி அறிந்து இருவரும் கலங்கினோம். இங்கே உள்ள டாக்டரிடம் கேட்டு மருந்து அனுப்புகிறோம்.

படம் கிடைத்தது. இத்தாலிக்காரரை ஹம்பேர்க்கில் கண்டுபிடித்தேன். அவரிடமே இன்னொரு பிரதி இருந்தது. சாவகச்சேரிக்கு வரும் முத்துக்குமாரு என்பவரிடம் கொடுத்து விடுகிறேன். வழியில் கேள்வி வராமல் இருக்க மேலே "அருந்ததி கலியாணம், இரண்டாம் பாகம்" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில். கை யாருடையது என்று படத்தில் சொல்லவில்லை. மூன்று தரம் பார்த்தேன். முதற்காட்சியிலேயே உர மூட்டை ஒன்றிலிருந்து கை தனியாகத்தான் வெளியே வருகிறது. கை இல்லாத ஆள் ஒருவரும் படத்தில் இல்லை. எடுத்தவர்கள் அதை யோசிக்கவே இல்லைப் போலிருக்கிறது. உங்களுக்கு வேறு மாதிரி எழுதச் சொல்லி அருந்ததி கேட்டா. நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாவது கேள்வி. கிழவி கதவைத் திறக்கவில்லை. மிச்சத்தை நீங்களே பாருங்கள்.

பணிவுடன்
பரமலிங்கம்


கோப்பாய்
26.01.1992

மருமகன் பரமலிங்கத்துக்கு,

நானும் மாமியும் சுகம். நீரும் பிள்ளை அருந்ததியும் சுகமாக இருக்க வேண்டும்.

முத்துக்குமாரு வவுனியாவைக் கடந்து, கடல்நீரேரியில் வள்ளத்தில் வந்து, கசெற்றை நனையாமல் கொண்டுவந்து தந்தான். சோதனையில் கலியாணம் என்று வாசித்துவிட்டு அவனுக்கு வாழ்த்தும் சொன்னார்களாம். மண்ணெண்ணெய் சேர்த்து, தைப்பொங்கலுக்கு மறுநாள் இராசநாயகத்தின் ஜெனரேற்றரை இயக்கினோம். பழைய ஆட்களைத்தான் கூப்பிட்டேன். மூலை வீட்டு அருளம்பலமும் வந்திருந்தார். நான் கூப்பிட்டேன்.

மாமிக்குக் கண் தெரியாது என்பதால் பக்கத்துக் கதிரையில் இருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். நாய் காலைக் கவ்வுகிற இடத்தில் இராசநாயகம் என் முகத்தைப் பார்த்தான். ஓடட்டும் என்றேன். அந்த நாய் கொஞ்சத் தூரம் போய்க் காலைக் கொண்டுவந்து உரியவனிடமே கொடுக்கிறது. அவன் அதற்கு நன்றி சொல்கிறான். இவ்வளவு காலம் அதைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

கடைசியில் கை தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, சுவரில் ஏறி யன்னலால் உள்ளே குதித்தது. உடனே பராசக்தி, "பாத்தியளோ அண்ணை, கதவாலை விடாட்டி யன்னலாலை வரும்" என்றாள். அருளம்பலம் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரைக்கேறிவிட்டது.

கிழவி கத்தவில்லை. யார், எவர் என்று விசாரிக்கவும் இல்லை. கிழங்கையும் கத்தியையும் அதன் முன்னால் வைத்தாள். ஒற்றைக் கையால் எப்படித் தோல் சீவுவது? கிழங்கை அவள் பிடித்துக்கொண்டாள், கை சீவிற்று. படம் முடிந்தது.

"என்னப்பா, சாப்பிடக் குடுத்தாளோ?" என்று மாமி கேட்டாள்.

"இல்லை, தோல் சீவக் குடுத்தாள்."

"அடுப்படிக்குள்ளை சேர்த்தால் சரி" என்றாள்.

நீர் உண்மையை எழுதியது நல்லது. வேறு மாதிரி எழுதியிருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன்.

ஆனால் முழுப்படம் சனத்துக்குப் பிடிக்கவில்லை. "உதிலை கலியாணம் எங்கை? கலியாணம் இல்லாட்டி உந்தக் கை எதுக்கு வருது?" என்று பராசக்தி நியாயம் கேட்கிறாள். எல்லோரும் அவள் பக்கம். இன்னொன்று, பிறநாட்டுப் படம் போடுவதென்றால் இப்போது அனுமதி எடுக்க வேண்டும். கலியாண வீடியோவை ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. ஆகவே மண்ணெண்ணெய் மிச்சம் இருந்தபடியால் பழைய கசெற்றையே போட்டோம்.

அதையும் மாமிக்கு நான்தான் சொன்னேன். பந்து வளையம், பாரிஸ் ஐயர், சப்பாத்தோடு நின்ற தோழன், பிள்ளையின் கூறையின் நிறம், எல்லாம். படம் வருமுன்னே நான் சொல்லிக்கொண்டு போவதாகப் பின்னால் குசுகுசுத்தார்கள். குசுகுசுக்கட்டும்.

தாலி கட்டும் நேரம் மாமி அறுகரிசித் தட்டத்தை என் மடியில் வைத்தாள். "நீங்கள் போடுங்கோ. எனக்கு ரீவி எங்கை எண்டு தெரியேல்லை. போன முறை இராசநாயகத்தின்ரை தலையிலை போட்டிட்டன்" என்றாள்.

அறுகரிசி இரண்டு கையாலும் இடுவது. எழும்பி நின்று அப்படியே இட்டேன். சில மணிகள் டெக்குக்குள் போய்விட்டன. இராசநாயகம் இன்னும் ஏசிக்கொண்டிருக்கிறான்.

பிறகு வெள்ளைக்காரர் உம் கையைக் குலுக்கினார். பிறகு கை வந்தது. எல்லோரும் சிரித்தோம்.

எழுதிக் கேட்காமல் செய்தது பிழைதான். அந்த நிலை மாறவில்லை. பிள்ளை படலையைப் பற்றி ஏதோ எழுதியிருந்தாளாம். அதற்குக் கொளுக்கி போட்டிருப்பது மாடு புகாமல் இருக்க என்று அவளிடம் சொல்லவும்.

இப்படிக்கு
மாமா
வே. தம்பிஐயா